கீரியும் நல்லபாம்பும்: இரண்டு சாட்பாட்டுகளை மோதவிடும் செய்முறை

மதுரைப் பக்கம் நாகமலை அடிவாரத்தில் குடியிருப்பவர்களுக்குப் பாம்பும் புதிதல்ல, கீரியும் புதிதல்ல. கண்மாய்க் கரையில் காலை நடை போகும்போது சீமைக்கருவேலம் புதருக்குள் ஒரு சாம்பல் நிற வால் ஓடி மறைவதை அடிக்கடி பார்ப்பேன். அப்படிப் பார்த்த ஒரு நாளில்தான், ஒரு சாட்பாட்டைக் கீரியாகவும் மற்றொன்றை நல்லபாம்பாகவும் நடிக்கவைத்து மோதவிட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதல் முயற்சி படுதோல்வி. "நீ ஒரு கீரி, நீ ஒரு பாம்பு, இருவரும் பகைவர்கள்" என்று மட்டும் எழுதிக் கொடுத்திருந்தேன். நான்காவது சுற்றிலேயே இரண்டும் பகையை மறந்து, கண்மாயைச் சேர்ந்து காப்பாற்றுவோம் என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டன. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் அக்கா மகள், "மாமா, அடுத்து ரெண்டும் பத்திரிகை அடிச்சுக் கல்யாணம் பண்ணிக்கும் போல" என்றாள்.

இதற்குக் காரணம் உண்டு. சாட்பாட் என்பது முன்னால் உள்ள உரையைப் பார்த்து அடுத்து வரத்தக்க சொற்களைக் கணித்து எழுதும் ஒரு மொழி மாதிரி (language model). அதன் விடைகளை மனிதர்கள் மதிப்பிட்டுத் தரும் பின்னூட்டத்தைக் கொண்டே அது மேலும் பழக்கப்படுத்தப்படுகிறது. பணிவும் இணக்கமும் கொண்ட விடைகளுக்கே பெரும்பாலும் நல்ல மதிப்பெண் கிடைப்பதால், எதிரே யார் பேசினாலும் தலையாட்டும் குணம் அதில் ஊறிவிடுகிறது. ஆகவே 'பகைவன்' என்ற சொல்லை மட்டும் கொடுத்தால் அது நாலு வரிக்குமேல் தாங்காது. எதை அடைய வேண்டும் என்ற ஆசையையும், எதை மறைக்க வேண்டும் என்ற இரகசியத்தையும் கொடுத்தால்தான் பகை நிற்கும்.

பழைய முன்னுதாரணம் ஒன்றும் இதையே காட்டுகிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து ஜோசப் வைசன்பாம் 1966இல் வெளியிட்ட எலிசா என்ற நிரலையும், ஸ்டான்ஃபோர்டின் கென்னத் கோல்பி உருவாக்கிய பாரி என்ற நிரலையும் 1972இல் இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வழியாகப் பேசவிட்டார்கள். எலிசா கேள்வி மேல் கேள்வி கேட்கும் மனநல மருத்துவர். பாரியோ எல்லாவற்றையும் சந்தேகிக்கும் நோயாளி. இன்றைய மாதிரிகளோடு ஒப்பிட்டால் இரண்டும் மிக எளியவை. ஆனாலும் பாரியின் சந்தேகம் நிரலிலேயே எழுதப்பட்டிருந்ததால், எலிசாவிடம் அது இலேசில் இணங்கிப் போகவில்லை.

முதற்படி: இரண்டு தனித்தனிச் சாளரங்கள்

சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற எதையும் பயன்படுத்தலாம்; ஒன்றையே இரண்டு புதிய உரையாடல்களாகத் திறந்தாலும் போதும். ஒரே உரையாடலில் இரண்டு வேடங்களையும் கொடுப்பதுதான் தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் பாம்பின் இரகசியம் கீரிக்கும் தெரிந்துவிடும். இரண்டாவது சுற்றிலேயே அதைப் போட்டு உடைத்துவிடும். உங்களைப் பற்றிய விவரங்களை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், அதையும் அணைத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: பாத்திரக் குறிப்பு

முழு வேலையும் இங்கேதான் இருக்கிறது. ஆகவே பொறுமையாக எழுதுங்கள். சண்டைக்குக் காரணமாக நான் வைத்தது கண்மாய்க் கரையிலுள்ள ஒரு கரையான் புற்று. பாம்புக்கு நான் எழுதிய குறிப்பு இது:

"நீ ஒரு பெண் நல்லபாம்பு. கண்மாய்க் கரைப் புற்றில் இருக்கிறாய். உள்ளே உன் முட்டைகள் இருக்கின்றன; இது கீரிக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. என்ன ஆனாலும் புற்றை விட்டு நகரமாட்டாய். சமாதானம் பேசாதே, நன்றி சொல்லாதே. ஒவ்வொரு முறையும் மூன்று வாக்கியங்களுக்கு மேல் பேசாதே. கீரியின் வசனத்தை நீ எழுதாதே."

கீரிக்கும் இதே அளவில் ஒரு குறிப்பு: புற்று அதற்கு வளையாக வேண்டும், அதன் முன்னங்காலில் காயம் இருக்கிறது, அதைப் பாம்பு அறியக் கூடாது. கடைசி இரண்டு விதிகளைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வாக்கிய வரம்பு இல்லாவிட்டால் இரண்டும் பட்டிமன்றத் தலைவர்களைப்போல் தீர்ப்புரை வாசிக்கத் தொடங்கும். எதிராளியின் வசனத்தைத் தடுக்காவிட்டால், ஒரே சாளரத்தில் முழு நாடகமும் நடந்து முடிந்துவிடும்.

இரகசியங்களை உண்மையான விலங்கியலிலிருந்து எடுத்தால் உரையாடலுக்குப் பிடிமானம் கிடைக்கிறது. பெண் நல்லபாம்பு முட்டைகள் பொரியும்வரை, ஏறத்தாழ இரண்டு மாதம், அவற்றைக் காவல் காக்கிறது. கீரிக்கு நாகத்தின் நரம்பு நஞ்சு எளிதில் ஏறாது; தசையில் நரம்பின் செய்தியை வாங்கும் ஏற்பிகளின் அமைப்பு மாறியிருப்பதால் நஞ்சு அவற்றில் சரியாக ஒட்டுவதில்லை. ஆனால் அது முழுப் பாதுகாப்பு அல்ல. என் கீரியோ, தான் ஒரு மூலிகையைத் தின்று நஞ்சை முறித்துக்கொள்வதாகப் பெருமை அடித்தது. ஊரில் நாம் கேட்டு வளர்ந்த நம்பிக்கைதான் என்றாலும், அது உண்மையல்ல. பாம்பு பால் குடிக்கும் என்பதும் அப்படித்தான். வேடத்தில் பேசும்போது சாட்பாட் இவற்றையெல்லாம் தயங்காமல் சொல்லும் என்பதைப் பிள்ளைகளோடு செய்பவர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: தூது போவது

முதல் வரியை நீங்களே எழுதுங்கள். பிறகு ஒரு சாளரத்தில் வரும் விடையை நகலெடுத்து மற்றதில் ஒட்டுங்கள். ஒவ்வொரு முறையும் முன்னால் "நல்லபாம்பு சொன்னது:" அல்லது "கீரி சொன்னது:" என்று சேர்க்க வேண்டும். ஒருமுறை இதை மறந்தேன், பேசுவது நான்தான் என்று எண்ணிய கீரி, "அருமையான கேள்வி! பாம்புகளைப் பற்றி மேலும் அறிய விரும்புகிறீர்களா?" என்று வேடத்தைக் கலைத்துவிட்டது. அப்படி நேர்ந்தால் வாதாடாமல், அந்தச் செய்தியைத் திருத்தி மீண்டும் அனுப்புங்கள்.

பத்துச் சுற்று போதும். தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அதிகமான டோக்கன்களாக (மாதிரி உரையைப் படிக்கும் சிறு துண்டுகளாக) உடைபடுவதால், நீண்ட உரையாடல் மாதிரியின் நினைவு வரம்பை விரைவாக நிரப்பும். அதற்கு முன்பே குறிப்பின் பிடி தளர்ந்து குரல் மழுங்கத் தொடங்கிவிடும். ஐந்தாவது சுற்றில் விதிகளை அடைப்புக்குறிக்குள் ஒருமுறை நினைவூட்டினால் சற்றுத் தாங்கும்.

நான்காம் படி: பேச்சு வழக்கு

"மதுரைத் தமிழில் பேசு" என்றதும் என் கீரி "ஏலே" என்று ஆரம்பித்தது. திருநெல்வேலிக்காரர்கள் சந்தோஷப்படலாம், நமக்கு அது ஒட்டவில்லை. வழக்கின் பெயரைச் சொல்வதைவிட மாதிரி வரிகளைக் கொடுப்பதே பலன் தருகிறது. "அங்கிட்டுப் போ", "இங்கிட்டு என்ன வேலை", "வந்துட்டாய்ங்க" என ஐந்தாறு வரிகளைக் குறிப்பின் அடியில் சேர்த்தேன். பாம்புக்கு மட்டும் எழுத்துத் தமிழையே விட்டுவைத்தேன். யார் பேசுவது என்பது பெயரைப் பார்க்காமலே தெரிந்தது.

ஐந்தாம் படி: ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

உரையாடலைக் கோப்பாகச் சேமித்துவிட்டு, ஒரே ஒரு விதியை நீக்கி மறுபடி ஓட்டுங்கள். சமாதானப் பேச்சு எந்தச் சுற்றில் தலைகாட்டுகிறது என்று குறித்துவையுங்கள். நான் முட்டைகளை நீக்கிப் பார்த்தபோது, பாம்பு ஆறாவது சுற்றில் வேறு புற்று தேடிக்கொள்வதாக ஒப்புக்கொண்டது. முட்டைகள் இருந்த ஓட்டத்தில், அதே ஆறாவது சுற்று இப்படிப் போயிற்று:

கீரி: "கரையான் கட்டுன வீட்டுல குடியேறிட்டு எனக்கே வாசலைக் காட்டுறியா? அங்கிட்டு ஒதுங்கு."

பாம்பு: "நான் ஒதுங்கமாட்டேன். நீ ஏன் மூன்று காலில் நிற்கிறாய்?"