பேராசிரியர் சொன்ன ‘ஆனால்’ எங்கே? பாட்காஸ்ட் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் இதழியல் படிக்கும் மாணவர்கள் சிலர், தாங்கள் பதிவு செய்த பாட்காஸ்ட்டுகளை அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தார்கள். மொத்தம் ஆறு எபிசோட். வெள்ளம், தொகுதி மறுவரையறை, சாதிவாரிக் கணக்கெடுப்பு, பள்ளிக்கரணை என்று நல்ல தலைப்புகள். பேச வந்த பேராசிரியர்களும் அந்தந்தத் துறையில் இருபது, முப்பது வருடம் உழைத்தவர்கள். ஆனாலும் கேட்கக் கேட்க எனக்கு மனசு கனத்துப் போனது. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் செய்த அதே தவறுகள், கிட்டத்தட்ட அதே வரிசையில்.

மைக்கை எவ்வளவு தூரத்தில் வைப்பது, மின்விசிறியை எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் இரண்டு எபிசோட் பண்ணினால் தானாக வந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். தானாகத் திருந்தாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

துறைக்கு வெளியே கேட்பது

தொகுதி மறுவரையறை பற்றிப் பேச அரசியல் சட்டப் பேராசிரியர் ஒருவரை மாணவர்கள் அழைத்திருந்தார்கள். அருமையாகப் பேசினார். 1976-ல் 42-வது திருத்தம் தொகுதிகளின் எண்ணிக்கையை 1971 கணக்கெடுப்பின்படி நிறுத்திவைத்தது, 2001-ல் 84-வது திருத்தம் அந்த நிறுத்தத்தை 2026-க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்புவரை நீட்டித்தது, அதற்கெல்லாம் முன்பே 1967 தேர்தலில் நம் மாநிலத்தின் மக்களவை இடங்கள் 41-லிருந்து 39 ஆகிவிட்டன என்று ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே போனார். முப்பதாவது நிமிடத்தில் ஒரு கேள்வி வருகிறது: “சார், மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியதற்குப் பருவநிலை மாற்றம்தானே காரணம்?”

அவர் மரியாதைக்கு ஏதோ சொன்னார். கேட்கிறவர்கள் அதையும் ‘பேராசிரியரே சொல்லிவிட்டார்’ என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இதில் அவர்மேல் குற்றமில்லை. கேட்டவர்மேல்தான் குற்றம்.

பட்டங்களை வாசிப்பது

பேச வந்தவர் இந்த விஷயத்தில் செய்த வேலை என்ன? அதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். மற்றதெல்லாம் எழுத்தில் இருந்தால் போதும்.

துணைவேந்தரின் வாழ்த்துரையோடு தொடங்குவது

வேண்டாம்.

‘ஆனால்’ வரும் இடத்தில் வெட்டுவது

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

2020 நவம்பர். சென்னைப் பெருவெள்ளத்துக்கு ஐந்து வருடம் ஆகப்போகிறது என்று ஒரு எபிசோட் செய்தோம். நீர்வளத் துறைப் பேராசிரியர் ஒருவர் வந்தார். 52 நிமிடம் பேசினார். 2015 டிசம்பர் 1-ஆம் தேதியை மணிவாரியாக விளக்கினார். தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்று இரவு விநாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிட்டார்கள். இதைச் சொல்லிவிட்டு அவர் சொன்னது: “முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருந்தால் ஒரே நேரத்தில் அவ்வளவு தண்ணீர் கீழே வந்திருக்காது.” ஒரு மூச்சு. “ஆனால் அடையாற்றில் அன்றைக்கு வந்ததெல்லாம் செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் இல்லை.”

அந்த மூச்சு எடிட்டிங் திரையில் எப்படித் தெரிந்தது என்பது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. இரண்டு பக்கமும் ஒலி அலைகள் மேடு மேடாக, நடுவில் நூல்போல ஒரு கோடு. அந்தக் கோட்டில் வெட்டினேன். 48 நொடியில் கிளிப் கச்சிதமாக முடிந்தது. எனக்கு அன்றைக்குப் பெரிய திருப்தி.

வெட்டி எறிந்த பகுதியில் அவர் சொன்னது இதுதான். அடையாறு தொடங்குவது செம்பரம்பாக்கத்தில் இல்லை. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் சேர்ந்துதான் ஆறாக வருகிறது. அந்த ஏரிகளில் செம்பரம்பாக்கம்போல ஷட்டரை இறக்கி வெள்ளத்தைப் பிடித்துவைக்க முடியாது. நிரம்பினால், உபரி நீர் போகக் கட்டிய கலங்கல் வழியாகத் தானாக வழியும். செம்பரம்பாக்கத்து உபரி நீர் ஆற்றில் வந்து சேர்வது திருநீர்மலைப் பக்கத்தில். 2015-ல் படகு விட்டு ஆட்களை மீட்ட முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே, ஆறு வருகிற திசையில் இருக்கின்றன. அங்கே வந்த வெள்ளத்துக்குச் செம்பரம்பாக்கத்தை மட்டும் கை காட்ட முடியாது.

2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, ஏரியைத் திறந்த விதத்தைக் குறை சொன்னது. மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே சொன்னது. பேராசிரியர் அதை மறுக்கவில்லை. கூடவே இன்னொன்றையும் பாருங்கள் என்றார். நான் அந்த இன்னொன்றை எடுத்துவிட்டேன்.

அப்புறம் நடந்தது நீங்கள் ஊகிக்கக்கூடியதுதான். தேர்தல் நெருங்கிய நேரம். யாரோ கிளிப்பின் தலையில் ஒரு கட்சி வாசகத்தை ஒட்டி வாட்ஸ்அப்பில் விட்டார்கள். நான்காம் நாள் பேராசிரியரிடம் அவர் துறையில் விளக்கம் கேட்டார்கள். அன்று மாலை எனக்குப் போன் செய்தார். திட்டவில்லை. “தம்பி, நான் சொன்னதில் பாதியைத்தான் போட்டிருக்கிறீர்கள்” என்றார். மன்னிப்புக் கேட்டேன், கிளிப்பை எடுத்தேன். அதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் யாருக்கும் பேட்டி கொடுப்பதில்லை. எங்களுக்கு வருவதாகச் சொல்லியிருந்த அவருடைய சக பேராசிரியர்கள் இரண்டு பேரும் விலகிக்கொண்டார்கள். ஆறு பகுதியாகத் திட்டமிட்ட தொடர் இரண்டோடு நின்றது.

இதைவிட என்னை அறுப்பது வேறொன்று. வரதராஜபுரத்தில் வீடு வைத்திருக்கும் ஒருவர் எங்களுக்கு எழுதினார்: “அப்படியென்றால் செம்பரம்பாக்கத்தை ஒழுங்காகத் திறந்தால் போதும், எங்கள் தெருவுக்கு இனிப் பயமில்லை, இல்லையா சார்?” அந்த மனிதருக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரே விஷயம் நான் வெட்டி எறிந்த பகுதியில் இருந்தது.

மாணவர்கள் அனுப்பிய ஆறில் இரண்டு கிளிப்புகள் இதே வகை. ஒன்றில், பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் சுருங்கியதும் வேளச்சேரி மூழ்குவதற்குக் காரணம் என்கிறார் பேச வந்த பேராசிரியை. முழுப் பதிவில் அந்த ‘உம்’ தெளிவாகக் கேட்கிறது. கிளிப்பின் தலைப்போ ‘வேளச்சேரி மூழ்க இதுதான் காரணம்!’ ‘இதுவும்’ என்பதற்கும் ‘இதுதான்’ என்பதற்கும் நடுவில்தான் அவருடைய முப்பது வருட உழைப்பு இருக்கிறது. ஆய்வாளர் ஒருவரின் பேச்சில் ‘பெரும்பாலும்’, ‘அப்படி இருந்தால்’, ‘இந்த அளவுக்கு’ என்று வருவதெல்லாம் தயக்கத்தில் வருகிறவை இல்லை. அவர் கண்டுபிடித்ததே அதுதான். அதை இழுவை என்று நினைத்து வெட்டுகிறோம்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். பதிவை முழுக்க எழுத்தாக்கி, ‘ஆனால்’, ‘மட்டும்’, ‘-உம்’ வரும் இடங்களையெல்லாம் சிவப்பால் குறித்த பிறகுதான் எடிட்டிங் தொடங்குகிறேன். சிவப்பு இருக்கும் வாக்கியத்தை எடுத்தால் அதன் ஜோடி வாக்கியத்தையும் எடுத்தாக வேண்டும். கிளிப் 48 நொடியிலிருந்து 90 நொடி ஆனால் ஆகட்டும். பதிவு முடிந்ததும், மைக்கை அணைக்கும் முன், “இன்று சொன்னதை ஒரு நிமிடத்தில் நீங்களே சொல்லுங்கள், எதை விட்டால் தப்பாகிவிடுமோ அதையும் சேர்த்து” என்று கேட்டுவிடுகிறேன். பாதி நேரம் அதுவே நல்ல கிளிப்பாக அமைந்துவிடுகிறது. வெளியிடும் முன் அவருக்குப் போனில் போட்டுக் காட்டுகிறேன். தகவல் சரியா என்பதற்கு மட்டும்தான். ‘இது வேண்டாம், அது வேண்டாம்’ என்று எடுக்கச் சொல்லும் உரிமை அதில் வராது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அது வேறு தலைவலி.

எண்ணை எண்ணாகவே விடுவது

‘விநாடிக்கு 29,000 கனஅடி’ என்றால் காதில் விழும், மனதில் விழாது. நொடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிக் கணக்கில், நொடிக்கு 68 லாரி. இந்தப் பெருக்கலை நீங்கள் முன்பே போட்டு வைத்திருந்து அவரிடம் “சரிதானே சார்?” என்று கேட்க வேண்டும்.

‘நூறாண்டு வெள்ளம்’ இன்னும் மோசம். நூறு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும், நம் காலத்தில் வந்துபோய்விட்டது என்று கேட்பவர்கள் நிம்மதி ஆகிவிடுகிறார்கள். ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். 30 வருடக் கடனில் வீடு வாங்குகிறவர், கடன் அடைவதற்குள் அப்படி ஒரு வெள்ளத்தைப் பார்க்க ஏறத்தாழ நூற்றுக்கு 26 வாய்ப்பு. இந்தச் சொல் வந்தால் பேச்சை நிறுத்தி விளக்கம் கேளுங்கள்.

தமிழில் சொல்லுங்கள் என்று இடைமறிப்பது

பேராசிரியர்கள் ஆங்கிலத்தில் பாடம் எடுத்துப் பழகியவர்கள். நடுவில் நிறுத்தி “தமிழில் என்ன?” என்றால், அகராதிச் சொல்லைத் தேடி மேலே பார்ப்பார்கள். பேச்சு உலர்ந்துவிடும்.

நான் மேலே சொன்ன அதே பேராசிரியர் முதல் பத்து நிமிடம் ‘சர்ப்ளஸ் வியர்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான் “உங்கள் ஊர் ஏரியில் இதை என்ன சொல்வார்கள் சார்?” என்று கேட்டேன். சட்டென்று “கலங்கல்” என்றார். குரலே மாறிவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் கலங்கல் போகிறது என்று செய்தி வந்தால் ஊரே பார்க்க ஓடும், வழிகிற தண்ணீரில் எதிர்த்து ஏறும் மீனை வேட்டியை விரித்துப் பிடிப்போம் என்று சொல்லிக்கொண்டே, ஒரு ஏரியின் கலங்கல் நீர் அடுத்த ஏரிக்குப் போகும் சங்கிலித்தொடரைக் கையால் மேசைமேல் வரைந்து காட்டினார். அதற்குப் பிறகு 40 நிமிடமும் அந்தத் தமிழிலேயே பேசினார். சொல்லைக் கேட்காதீர்கள், ஊரைக் கேளுங்கள்.

இரண்டு பக்கமும் வேண்டும் என்று கட்சிப் பேச்சாளரை எதிரில் உட்காரவைப்பது

ஆய்வாளர் பேச மாட்டார். அவ்வளவுதான்.

பதிவு செய்த தேதியைச் சொல்லாமல் விடுவது

2025 ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு சமூகவியல் பேராசிரியரோடு பேசினோம். தேசிய அளவில் சாதிவாரிக் கணக்கெடுப்பு வருமா என்பது இன்னும் தெளிவாகவில்லை என்றார். அன்றைக்கு அது சரி. ஏப்ரல் 30-ல் மத்திய அமைச்சரவையின் அரசியல் விவகாரக் குழு ஒப்புதல் கொடுத்தது. எங்கள் எபிசோட் வெளிவந்தது மே முதல் வாரத்தில், தேதி இல்லாமல். ‘இதுகூடத் தெரியாமலா பேராசிரியர்?’ என்று அவர்மேல் பாய்ந்தார்கள். ஜூன் 16-ல் கணக்கெடுப்புக்கான அறிவிக்கையும் வந்துவிட்டது. முதல் 15 நொடிக்குள் ‘இது இந்தத் தேதியில் பதிவானது’ என்று உங்கள் குரலில் சொல்லுங்கள். வெளியிடும் நாள் காலையில் செய்தியை ஒருமுறை பார்த்துவிட்டு, எதுவும் மாறியிருந்தால் தொடக்கத்தில் இரண்டு வரி சேருங்கள்.

“கடைசியாக நேயர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?”

இதைக் கேட்டால் எல்லோரும் ‘விழிப்புணர்வு வேண்டும்’ என்றுதான் முடிப்பார்கள். ஆறு எபிசோடிலும் அப்படித்தான் முடிந்தது. நான் இப்போது “இந்த விஷயத்தில் உங்களுக்கே இன்னும் விடை கிடைக்காதது எது?” என்று கேட்கிறேன். போன வாரம் ஒரு பேராசிரியர் இதற்குப் பதினோரு நொடி மௌனமாக இருந்தார். பிறகு, தான் இப்போது எதைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று சொல்லத் தொடங்கினார். அடுத்த எபிசோடுக்கு அவரையே மறுபடி அழைத்திருக்கிறோம். அந்தப் பதினோரு நொடியையும் வெட்டவில்லை.