சேலத்து மண்ணில் வண்ணம் அரைத்து வரைவது எப்படி? முன்னாள் படைவீரர்களுக்கான செய்முறை

பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர்கள் சேலம் மாவட்டத்தில் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். ஏடிஎம் வாசலிலோ மில் கேட்டிலோ காவலுக்கு நிற்பார்கள், தோட்டம் பார்ப்பார்கள், மாசம் ஒருமுறை கேன்டீனுக்குப் போய் வருவார்கள். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் நன்றாகத்தான் தெரியும். ராத்திரி தூக்கம் பிடிக்காததும், கல் குவாரியில் வெடி வைத்தால் உடம்பு தூக்கிப்போடுவதும், காரணமே இல்லாமல் பேரப்பிள்ளை மேல் எரிந்து விழுவதும் வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும்.

இந்தப் பதிவு அவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும். நான் ஓவிய ஆசிரியை, ஒரு படைவீரரின் மகள். சேலத்திலும் ஏற்காட்டிலும் முன்னாள் படைவீரர்கள் சிலரோடு உட்கார்ந்து வரைகிறேன். கடை வண்ணத்தைவிட மண்ணில் இருந்து நாமே அரைத்த வண்ணம் அவர்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது. அலசுவது, வடிப்பது, அரைப்பது என்று கைக்கு நிறைய வேலை இருக்கிறது. கை வேலையில் இருக்கும்போது யாரும் வாயைத் திறக்கச் சொல்வதில்லை. பேச்சு வந்தால் வரட்டும், வராவிட்டாலும் பாதகமில்லை.

படைவீரர்களும் ஓவியமும் என்பது புது யோசனை இல்லை. முதல் உலகப்போரில் போர்முனையில் இருந்தபடியே வரைந்த பிரிட்டிஷ்காரர் ஏட்ரியன் ஹில். பின்னாளில் காசநோய் வந்து சானடோரியத்தில் படுத்தபோது பொழுதுபோக்க வரையத் தொடங்கினார். அது தனக்குச் செய்த நன்மையைப் பார்த்து, அங்கே சிகிச்சைக்கு வந்த போர்வீரர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். 1942இல் 'ஆர்ட் தெரபி' என்ற பெயரை வைத்தவர் அவர்தான். அமெரிக்காவில் பெதெஸ்டாவில் உள்ள வால்டர் ரீட் ராணுவ மருத்துவ வளாகத்தில் காயம்பட்ட வீரர்கள் கையில் வெற்று முகமூடியைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்கிறார்கள். வாயால் சொல்ல முடியாதது பலருக்கு அந்த முகமூடியில் வந்துவிடுகிறது. அதே நாட்டில் 2007இல் தொடங்கிய 'காம்பட் பேப்பர்' முயற்சியில், தாங்கள் போட்டிருந்த பருத்திச் சீருடையையே வெட்டி, கூழாக்கி, காகிதம் செய்து அதன்மேல் வரைகிறார்கள்.

"எனக்கு வரையவே தெரியாதுங்களே மேடம்" என்பதுதான் அநேகமாக எல்லோரும் முதலில் சொல்வது. நான் ஒப்புக்கொள்வதில்லை. 'சாண்ட் மாடல்' செய்தவர்தானே நீங்கள்? தரையில் மண்ணைக் குவித்து மேடு, பள்ளம், ஓடை, பாதை எல்லாம் அமைத்து, நிறப்பொடி தூவி, இலக்கைக் காட்டிப் பாடம் எடுத்திருக்கிறார்கள், நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். வரைபடம் பார்க்கத் தெரியும், தூரம் கணிக்கத் தெரியும். ஒரு நிலத்தைப் பார்த்து எங்கே நிழல், எங்கே மறைவு என்று சொல்லத் தெரியும். ஓவியக் கல்லூரியில் வருஷக்கணக்கில் பழகுகிற கண் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. நாம் செய்யப்போவதும் அதைத்தான், தரைக்குப் பதில் காகிதத்தில்.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை

இது மருந்துக்குப் பதில் இல்லை. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நிறுத்தக் கூடாது. பல வாரமாகத் தூக்கமில்லை, குடி கூடிக்கொண்டே போகிறது, பழைய சம்பவம் கண்முன் நடப்பதுபோலத் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், முதலில் இசிஹெச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) பாலிகிளினிக்கிலோ அரசு மருத்துவமனையிலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அன்றைக்கே 14416க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. இலவசம், ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். ஓவியம் சிகிச்சைக்குத் துணையாக நடக்கட்டும்.

மண் சேர்ப்பது

உங்கள் தோட்டத்து மண்ணோ தெரிந்தவர் காட்டு மண்ணோ போதும். மேல்மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு விலக்கிவிட்டு, வேர் இல்லாத அடிமண்ணில் இரண்டு கைப்பிடி எடுங்கள். சேலத்துச் செம்மண்ணில் இரும்புச்சத்து ஏறியிருப்பதால் அந்தச் சிவப்பு வெயிலில் வெளுக்காது. ஏற்காட்டில் வீடோ தோட்டமோ இருப்பவர்கள் பாக்கியசாலிகள். பாக்சைட் படிந்த மேட்டு நிலங்களில் ரோஜா நிறத்தில் இருந்து செங்கல் நிறம் வரை மண் கிடைக்கும். காப்புக்காட்டுக்குள் தோண்டக் கூடாது. ஓமலூர் போகும் வழியில் வெள்ளையாய்த் தெரிகிற சுண்ணாம்புக்கரட்டின் மேக்னசைட் கல்லைப் பார்த்தால் ஆசை வரும். அது சுரங்கப் பகுதி, உள்ளே போகாதீர்கள்.

வெள்ளைக்கு நாமக்கட்டி வாங்கிக்கொள்ளலாம். காவிக்கட்டியும் கருவேலம் பிசினும் செவ்வாய்பேட்டைப் பக்கம் நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். கறுப்புக்கு அகல் விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்து வைத்தால் படிகிற கரி. மஞ்சள்தூள் மட்டும் வேண்டாம், வெயில் பட்டால் சில வாரத்தில் வெளுத்துவிடும். மஞ்சள் காவி (மஞ்சள் நிற மண்) இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

அலசி வடிப்பது

மண்ணைக் காயவைத்து, கட்டியை உடைத்து, ஒரு வாளித் தண்ணீரில் போட்டு நன்றாகக் கலக்குங்கள். அரை நிமிடம் பொறுங்கள். மணலும் கல்லும் அடியில் இறங்கிவிடும். மேலே நிற்கிற கலங்கல் தண்ணீரை மட்டும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி வேறு பாத்திரத்தில் ஊற்றுங்கள். இதையே இன்னும் இரண்டு முறை செய்தால் விரலில் தேய்த்தாலும் நெருடாத நயம் வரும். ராத்திரி முழுக்க அசைக்காமல் விட்டு, காலையில் தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கிய சேற்றைத் தட்டில் வழித்து நிழலில் காயவையுங்கள்.

உலர்ந்த பொடியை ஊதாதீர்கள், வெறுமனே இடிக்கவும் வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. கொஞ்சம் தண்ணீர் தெளித்து ஈரமாகவே கையாளுங்கள்.

மஞ்சள் காவி கையில் இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். அதில் பாதியை ஒதுக்கிய பழைய தோசைக்கல்லில் போட்டு, வெளியில் விறகடுப்பு வைத்து நன்றாகச் சூடேற்றுங்கள். மஞ்சள் மெல்லத் திரும்பி, முதலில் ஆரஞ்சாகவும் பிறகு சிவப்பாகவும் மாறும். சூட்டில் மண்ணில் கட்டுண்ட நீர் வெளியேறுவதால் வரும் மாற்றம் இது. நான் பார்த்தவரை, கைகளைக் கட்டிக்கொண்டு தூரமாய் நின்றவர்கள்கூட அடுப்புக்கு அருகில் வந்து குனிவது இந்த இடத்தில்தான்.

பிசின் சேர்த்து அரைப்பது

கருவேலம் பிசினைப் பொடித்து, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு வெந்நீர் ஊற்றி ராத்திரி ஊறவிடுங்கள். காலையில் வடிகட்டி, அரைப் பங்கு தேன் சேர்க்க வேண்டும். தேன் இல்லாவிட்டால் வண்ணம் காய்ந்ததும் வெடிக்கும். பூஞ்சை பிடிக்காமல் இருக்க இரண்டு கிராம்பு தட்டிப் போடுங்கள்.

வழவழப்பான டைல்ஸ் ஒன்றைக் கவிழ்த்துப் போட வேண்டாம், மேல்பக்கமே நல்லது. அதில் ஒரு ஸ்பூன் மண்பொடி, அதே அளவு பிசின் கரைசல், நாலு சொட்டுத் தண்ணீர். அடி தட்டையான கண்ணாடி டம்ளரால் வட்டமாகத் தேயுங்கள். முதலில் கரகரவென்று சத்தம் வரும். தேய்க்கத் தேய்க்க அது குறைந்து, டம்ளர் டைல்ஸோடு ஒட்டி இழுக்க ஆரம்பிக்கும். அந்தப் பிடிப்பு வந்துவிட்டால் வண்ணம் தயார். இதற்குக் கால்மணி நேரம் ஆகும். அவசரப்படுத்தாதீர்கள். என்னைக் கேட்டால் இந்தக் கால்மணி நேரத்துக்காகத்தான் மொத்த வேலையும். ஒரே சீரான அசைவு, ஒரே சத்தம், மூக்கில் ஈர மண் வாசனை. கோபத்தோடு வந்து உட்கார்ந்தவரின் தோள் இறங்குவது பக்கத்தில் இருப்பவருக்கே தெரியும்.

காகிதத்தில் ஒரு கோடு இழுத்துக் காயவிட்டு விரலால் தேயுங்கள். பொடி உதிர்ந்தால் பிசின் போதவில்லை. பளபளத்து வெடித்தால் பிசின் அதிகம்.

பச்சையைத் தனியாக வாங்க வேண்டியதில்லை. மஞ்சள் காவியில் துளித்துளியாக விளக்குக் கரியைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். மங்கலான பட்டாளத்துப் பச்சை திரளும். இதைச் செய்யும்போது ஆத்தூர்ப் பக்கத்து ஹவில்தார் ஒருவர் தூரிகையை வைத்துவிட்டு வெகுநேரம் அந்தக் கலவையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதே கலர்தாம்மா" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றைக்குக் காகிதம் முழுக்க அந்த ஒரே நிறத்தைப் பூசிவிட்டுப் போனார். அடுத்த வாரமும் வந்தார்.

வரைவது

300 ஜிஎஸ்எம் கனமுள்ள தடித்த காகிதம், ஏ4 அளவு போதும். மெல்லிய தாள் மண்ணின் கனத்துக்குச் சுருண்டுவிடும். காகிதத்தை ஓர் அட்டையில் வைத்து நாலு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பதியுங்கள். அந்த ஓரம் முக்கியம். எதை வரைந்தாலும் அதற்கு ஒரு எல்லை இருக்கிறது, வேலை முடிந்ததும் நாமே டேப்பை உரிக்கலாம். மனசுக்கு அது பெரிய பாதுகாப்பு.

முதல் தடவை படம் வேண்டாம். செய்த நிறங்களைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பூசி, எந்த மண் எங்கே எடுத்தது என்று அடியில் எழுதுங்கள். நேரம் முக்கால் மணி. 2016இல் அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமலும் குழுவினரும் 39 பேரை 45 நிமிடம் களிமண், வண்ணப் பேனா, ஒட்டுப்படம் என்று கைக்கு வந்ததைச் செய்யவிட்டு எச்சிலில் கார்டிசாலை அளந்தார்கள். மன அழுத்தத்தோடு சேர்ந்து ஏறும் ஹார்மோன் அது. முக்கால்வாசிப் பேருக்கு அளவு குறைந்திருந்தது. ஓவியம் பழகியவர், பழகாதவர் என்ற வித்தியாசம் பெரிதாக இல்லை. அவர்கள் படைவீரர்கள் இல்லை, சாதாரண ஆட்கள்தான். ஆனாலும் நேரக் கணக்குக்கு அதையே பின்பற்றுகிறேன்.

அடுத்து, மனசுக்கு நிம்மதி தந்த ஓர் இடத்தை மேலிருந்து பார்க்கிற மாதிரி வரையுங்கள். ஊர்க் கிணறு, ஏற்காட்டு ஏரிக்கரை, பயிற்சியில் இருந்த நீலகிரி வெலிங்டன், எதுவானாலும் சரி. சாண்ட் மாடல் போலவே வடக்கை முதலில் குறித்து, பாதை, தண்ணீர், மேடு, கட்டிடம் என்று போங்கள். மனிதர்கள் வேண்டாம். இப்படிப் பல படங்கள் போகட்டும். கஷ்டமான இடத்துக்குப் போகும்போது திரும்பி வர ஓர் இடம் கையில் இருக்க வேண்டும்.

அப்புறம்தான் மற்றது. பனிமலையோ, 1987க்கும் 1990க்கும் இடையே அமைதிப்படையில் இலங்கையில் கழிந்த நாட்களோ, கார்கிலோ. வரைய வேண்டும் என்று கட்டாயமே இல்லை. ஒருவர் வருஷம் முழுக்கக் கிணற்றையே வரைந்தாலும் அதில் ஒரு குறையும் இல்லை. தொடங்கினால் மறுபடியும் நிலத்தில் இருந்து தொடங்குங்கள். சம்பவத்தில் இருந்து வேண்டாம். அந்த இடத்து மண் என்ன நிறம்? வெளிச்சம் எந்தப் பக்கம்? நடுவில் நெஞ்சு படபடத்தால், வியர்த்தால், பார்வை எங்கோ போனால், தூரிகையைக் கீழே வையுங்கள். கையைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, பாதம் இரண்டையும் தரையில் ஊன்றி, அறையில் தெரிகிற ஐந்து பொருளின் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். பிறகு பழைய கிணற்றுப் படத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் மேல் நாமக்கட்டி பூசி மூடுவதும், கிழித்துப் போடுவதும் உங்கள் உரிமை.

வீட்டாருக்கு

"இது என்ன? அங்கே என்ன நடந்துச்சு? யாரு செத்தாங்க?" என்று கேட்காதீர்கள். "ரொம்ப அழகா இருக்குங்க" என்பதும் பல சமயம் குத்தும், வரைந்தது அழகான விஷயமாக இருக்காது. "இந்த நிறம் எதுல எடுத்தீங்க?" என்று கேளுங்கள். கேள்வி மண்ணோடு நிற்கும். அதற்குமேல் போவதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்வார். சும்மா பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு டம்ளரை வைத்து அரைத்தால் இன்னும் நல்லது.

படத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முன் அவரிடம் கேட்டே ஆக வேண்டும். படைநிலை, முகாம் அமைப்பு போன்றவை தெரிகிற படங்கள் வீட்டை விட்டு வெளியே போகவே கூடாது. படைவீரருக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை, பெருமைப்பட்டு அனுப்பிவிடுகிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

சேர்ந்து வரைய நினைத்தால்

நாலைந்து பேர் போதும். வாரத்தில் ஒரே கிழமை, ஒரே நேரம். எல்லோரும் கதவைப் பார்த்தபடி உட்கார இடம் அமையுங்கள், முதுகுப்பக்கம் வாசல் இருந்தால் பலரால் வேலையில் மனம் வைக்க முடியாது. தீபாவளி வாரத்திலும், கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா சமயத்தில் டவுனுக்குள்ளும் வைக்காதீர்கள், வெடிச் சத்தம் தாங்காது. அந்த நாட்களில் முடிந்தால் ஏற்காடு போய்விடுங்கள்.

மீந்த வண்ணத்தைச் சோடா மூடிகளில் ஊற்றிக் காயவிட்டால் கட்டியாகிவிடும். அடுத்த வாரம் ஈரத் தூரிகையால் தொட்டால் மறுபடி கரையும்.