பனியன் துணியில் முதல் டி-ஷர்ட்: வெட்டுவது முதல் பூவேலை வரை

திருப்பூரில் பனியன் துணி வாங்கப் போனால் கடைக்காரர் மீட்டர் கோலை எடுக்க மாட்டார், தராசில் போடுவார். ரவிக்கையும் பாவாடையும் தைத்துப் பழகியவர்களுக்கு அதுவே முதல் வியப்பு. இது தறியில் நெய்த துணி அல்ல. நூல் கண்ணி கண்ணியாகக் கோத்து வளர்ந்த பின்னல் துணி. இழுத்தால் நீளும், விட்டால் பழைய இடத்துக்கு வரும். இந்தக் குணத்துக்கு இடம் கொடுத்துத் தைத்தால் வீட்டு மெஷினிலேயே நல்ல டி-ஷர்ட் வரும்.

என் அண்ணன் மகளுக்கு நான் தைத்த முதல் டி-ஷர்ட் பார்க்க அழகாகவே இருந்தது. அவள் தலையை நுழைத்ததும் கழுத்துத் தையல் படபடவென்று அறுந்துபோனது. துணி நீண்டது, பருத்தி நூலில் நான் போட்டிருந்த நேர்த்தையல் நீளவில்லை. அன்று அந்தக் குழந்தையின் முகம் வாடியதை நான் மறக்கவில்லை. அதனால்தான் கீழே கழுத்தைப் பற்றிக் கூடுதல் விரிவாகச் சொல்கிறேன்.

1. வாங்க வேண்டியவை

சிங்கிள் ஜெர்சி எனப்படும் சாதாரண பனியன் துணி, 160 முதல் 180 ஜிஎஸ்எம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் ஜிஎஸ்எம். அதைவிட மெல்லிய துணி வெட்டும்போதே சுருண்டு, புதிதாகப் பழகுபவரின் பொறுமையைச் சோதிக்கும். நடுத்தர அளவு அரைக்கை டி-ஷர்ட்டுக்கு 300 கிராம் போதும். கழுத்துப் பட்டிக்கு அதே நிறத்தில் ரிப் துணி, அதாவது வரிவரியாகப் பின்னிய, நன்றாக இழுபடும் துணி கொஞ்சம் கேட்டு வாங்குங்கள். லைக்ரா கலந்த ரிப்பாக இருந்தால் கழுத்து சீக்கிரம் தளராது.

முனை சற்று உருண்ட பால் பாயின்ட் ஊசி, 11ஆம் எண். சாதாரண ஊசியின் கூர்முனை கண்ணியை அறுத்துவிடும். சில சலவைகளுக்குப் பிறகு தையலை ஒட்டிச் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும். நூல், பாலியஸ்டர் மட்டுமே.

2. நனைத்துக் காயவைத்தல்

வெட்டுவதற்கு முன்பே துணியைத் துவைத்துவிடுங்கள். பருத்திப் பின்னல் துணி ஐந்து சதவீதம் சுருங்கினாலே, 28 அங்குல உயரத்தில் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் போய்விடும். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் நீளமாக இழுபடும். நிழலில், பாயின் மேல் விரித்துக் காயவையுங்கள்.

3. அளவும் வெட்டும்

உடலுக்குச் சரியாகப் பொருந்தும் பழைய டி-ஷர்ட் ஒன்றைத் தாளில் வைத்து வரைந்துகொள்ளுங்கள். முன்பாகம், பின்பாகம், கை, மூன்றே துண்டுகள். தையலுக்குச் சுற்றிலும் அரை அங்குலம், கீழ்மடிப்புக்கு ஓர் அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். கழுத்தில் மட்டும் கவனம் தேவை. பழைய சட்டையில் பட்டி சேரும் தையல் கோட்டை வரைந்து, அதிலிருந்து அரை அங்குலம் துளையின் உட்பக்கமாகத் தள்ளி வெட்ட வேண்டும். வெட்டியதும் துளை சிறியதாகத் தெரியும். தைத்த பிறகு சரியாகிவிடும்.

துணி அதிகம் நீளும் திசை, உடலைச் சுற்றி வரும்படி இருக்கட்டும். எது மேல்பக்கம் என்று குழப்பமா? அகலவாக்கில் வெட்டிய ஓரத்தை இரு கைகளாலும் மெல்ல இழுங்கள். ஓரம் எந்தப் பக்கம் சுருள்கிறதோ அதுவே மேல்பக்கம்.

4. பூவேலை, சட்டை ஆவதற்கு முன்பே

பலரும் தைத்து முடித்துவிட்டு அலங்கரிக்க உட்காருகிறார்கள். நான் முன்பாகத் துண்டு தனியாக, தட்டையாக இருக்கும்போதே வேலையை முடித்துவிடுவேன். பின்பக்கத் துணியோடு சேர்த்துத் தைத்துவிடும் ஆபத்து இல்லை.

அலங்காரம் வரும் இடத்தின் அடியில், நீளாத மெல்லிய பருத்தித் துணி ஒன்றை வைத்துப் பெரிய தையலால் பிடித்துவையுங்கள். இல்லையென்றால் பூவைச் சுற்றித் துணி சுருங்கி நிற்கும். வட்டச் சட்டத்தில் மாட்டும்போது துணியை முரசுத் தோல்போல இழுக்க வேண்டாம். சுருக்கம் இல்லாமல் படிந்திருந்தால் போதும்.

முதல் முயற்சிக்கு ஐந்து புள்ளிக் கோலம் ஒன்று மிகப் பொருத்தம். ஆறு இழை எம்பிராய்டரி நூலில் மூன்று இழையைப் பிரித்தெடுத்து, கோட்டுக்குச் சங்கிலித் தையல், புள்ளிக்கு முடிச்சுத் தையல். சங்கிலித் தையலும் கண்ணிகளால் ஆனது என்பதால் துணியோடு ஓரளவு நீண்டு கொடுக்கும்.

பழைய சுங்குடிச் சேலையின் நல்ல பகுதியை இலையாகவோ மீனாகவோ வெட்டி, துணியின் மேல் வைத்துத் தைக்கும் ஒட்டுவேலையும் எனக்கு மிகவும் பிடித்தது. ஈரமான வெள்ளைத் துணியால் முதலில் அதைத் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வேறு துணி தேடுவதே நல்லது. ஓரத்தைக் கால் அங்குலம் உள்ளே மடித்து, கண்ணுக்குத் தெரியாத சிறு தையலால் பிடியுங்கள். வேலை முடிந்ததும் அடித்துணியின் மிச்சத்தை வெட்டிவிடலாம்.

5. தோளும் கழுத்தும்

மெஷினில் ஜிக்ஜாக் இருந்தால் அகலம் 1 மி.மீ., நீளம் 2.5 மி.மீ. என்று வையுங்கள். கால் மெஷினில் நேர்த்தையல் மட்டும்தான் என்றால், தைக்கும்போது துணியை மிக மெல்ல இழுத்துப் பிடியுங்கள். துணியை அழுத்தும் பாதத்தின் மேல் திருகைக் கொஞ்சம் தளர்த்தினால் தையல் அலை அலையாக வராது. மீந்த துண்டில் தைத்து, இழுத்துப் பார்த்த பிறகே சட்டையில் கைவைக்க வேண்டும்.

தோள் நீளக் கூடாத இடம். முன்பாகத்தையும் பின்பாகத்தையும் தோளில் இணைக்கும்போது, தையலோடு சேர்த்து ஒரு மெல்லிய பருத்தி நாடாவையும் வைத்துத் தைத்துவிடுங்கள்.

இனி கழுத்து. தையல் கோட்டை இஞ்ச் டேப்பால் சுற்றி அளந்துகொள்ளுங்கள். 20 அங்குலம் என்றால் 15 சதவீதம் கழித்தால் 17. இணைப்புக்கு ஓர் அங்குலம் கூட்டி 18 அங்குல நீளம், இரண்டரை அங்குல அகலத்தில் ரிப்பை வெட்டுங்கள். நீளவாட்டம் ரிப் நன்றாக இழுபடும் திசையில் இருக்க வேண்டும். இந்தப் பட்டியின் முனைகளைச் சேர்த்துப் பிடித்து, தலை வழியாக இழுத்துப் பார்த்துவிடுங்கள். தாராளமாக நுழைந்தால் சரி. முனைகளை இணைத்து வளையமாக்கி, அகலத்தில் பாதியாக மடியுங்கள்.

வளையத்தை நான்காகப் பிரித்துக் குண்டூசி குத்துங்கள். கழுத்துத் துளையையும் அப்படியே நான்காகப் பிரியுங்கள். தோள் தையல் கால்பங்கு இடத்தில் வராது. முன்கழுத்து இறக்கம் என்பதால் அந்தக் குறி தோளுக்குச் சற்று முன்னால் விழும். குறியோடு குறி சேர்த்து, ரிப் மேலே இருக்கும்படி மெஷினில் வைத்து, ரிப்பை மட்டும் இழுத்து அடியில் உள்ள துணியின் நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். சட்டைத் துணியை இழுத்தீர்களோ, கழுத்து மலர்ந்து தொங்கும். ஈரத்துணி வைத்து இஸ்திரி போட்டால் பட்டி உடலோடு படிந்து உட்காரும்.

6. கை, பக்கவாட்டு, மடிப்பு

சட்டை விரிந்திருக்கும்போதே கையைத் தோளோடு இணைத்துவிடுங்கள். பிறகு கை நுனியில் தொடங்கி, அக்குள் வழியாக இடுப்பு வரை ஒரே தையல்.

கீழ்மடிப்புக்குத் தொழிற்சாலைகளில், மேலே இரண்டு வரிசைத் தையல் போடும் பேட்லாக் மெஷின் இருக்கிறது. வீட்டில் இரட்டை ஊசி அந்தத் தோற்றத்தைத் தரும். இரண்டும் இல்லையென்றால், பெருக்கல் குறிபோல மாறி மாறி விழும் கைத்தையலால் மடிப்பைப் பிடியுங்கள். நன்றாக நீண்டு கொடுக்கும்.

கடைசியாகச் சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பி, பூவேலையை ஒரு தடித்த துவாலையின் மேல் கவிழ்த்து வைத்துப் பின்புறமாக இஸ்திரி போடுங்கள். நூல்கள் துவாலையின் மென்மைக்குள் அமிழ்ந்து நசுங்காமல் இருக்கும். திருப்பிப் பார்க்கும்போது கோலத்தின் ஒவ்வொரு கண்ணியும் எழும்பி நிற்கும்.