சேபாவில் டைவ் அடிக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கரீபியன் கடலில் உள்ள சிறு தீவான சேபாவில் கடற்கரை கிடையாது. இது தெரியாமலேயே டிக்கெட் போடுகிறவர்கள் உண்டு. கரீபியன் என்றதும் வெள்ளை மணலும் தென்னையும், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று காலில் ஃபின்னை (நீந்தும் துடுப்பை) மாட்டிக்கொண்டு மெல்ல உள்ளே போவதும் மனதில் ஓடும். சேபாவில் வெல்ஸ் பே என்ற ஒரு மூலையில் மட்டும் கோடையில் கொஞ்சம் மணல் சேரும், குளிர்கால அலை வந்து அதையும் வாரிக்கொண்டு போய்விடும். மற்றபடி சுற்றிலும் செங்குத்துப் பாறைதான்.

மொத்தப் பரப்பே சுமார் 13 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை ஏறக்குறைய இரண்டாயிரம். 2010 முதல் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி. நம் கண்ணுக்குத் தெரிவது ஓர் எரிமலையின் தலை மட்டும், உடம்பெல்லாம் தண்ணீருக்குள் இருக்கிறது. இங்கே டைவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி, வந்திருப்பது மலைக்கு என்பதை மறப்பதால் வருகிறவை. பெயரைச் ‘சாபா’ என்று சொல்வதையும் தவறு என்றே உள்ளூர்க்காரர்கள் நினைப்பார்கள். அவர்களுக்கு அது சேபா.

பயண விஷயத்தில் இரண்டு சொல்லிவிடுகிறேன். ஷெங்கன் விசாவும் நெதர்லாந்தின் கரீபியப் பகுதிக்கான விசாவும் ஒன்றல்ல. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தூதரகத்தில் கேட்டுத் தெளிவு பெறாமல் பணம் கட்ட வேண்டாம். வழியில் மாறும் நாடுகளின் டிரான்சிட் விசாவையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டாவது, அருகிலுள்ள சின்ட் மார்ட்டன் தீவிலிருந்து வரும் விமானம். சேபாவின் ஓடுபாதை 400 மீட்டர்தான், பயணிகள் விமானம் இறங்கும் ஓடுபாதைகளில் உலகிலேயே சிறியது. இரு முனையிலும் கீழே கடல். பலத்த காற்று அடித்தால் விமானம் இல்லை. டைவ் பெட்டியோடு ஏறப் போனால் எடைக் கணக்குப் பார்த்துப் பெட்டியைப் பின்னால் அனுப்புவதும் நடக்கும். மாஸ்க், ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர், மூச்சு வாங்கும் ரெகுலேட்டர் மூன்றையும் கைப்பையில் வையுங்கள், மற்றதை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். வந்த அன்றே மதியம் டைவ் என்று திட்டம் போடாதீர்கள்.

சிலிண்டரை வாடகைக்கு எடுத்து நாமே இறங்கிவிடலாம் என்ற நினைப்பும் இங்கே செல்லாது. இன்னொரு கரீபியத் தீவான போனேரில் அது நடக்கும். சேபாவைச் சுற்றியுள்ள கடல் 1987 முதல் கடற்பூங்கா. கடல் ஏறிவரும் உயர்மட்டக் கோட்டிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை தீவைச் சுற்றி முழுதும் அதற்குள் அடக்கம். உள்ளூர் டைவ் கடையோடு, அவர்கள் படகில்தான் போக வேண்டும். சொந்தப் பாய்மரப் படகில் வந்தவர்களுக்கும் இதே விதி. படகும் நங்கூரம் போடாது, நிரந்தரமாக மிதக்கும் போயாவில் கட்டிக்கொள்ளும்.

இனி ஆழத்துக்கு வருவோம். சேபாவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை மேற்கே கடலுக்குள் நிற்கும் பாறை ஊசிகள். தேர்ட் என்கவுண்டர், ட்வைலைட் ஸோன், ஐ ஆஃப் த நீடில். இவற்றின் உச்சியே 27, 30 மீட்டரில்தான் இருக்கிறது. தொடக்க நிலையான ஓப்பன் வாட்டர் சான்றிதழின் எல்லை 18 மீட்டர், அடுத்த நிலையான அட்வான்ஸ்டுக்கு 30. அதாவது உங்கள் சான்றிதழ் முடிகிற இடத்தில்தான் இந்த டைவ் தொடங்குகிறது. போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வருகிறவர்கள், மற்றவர்கள் போய்த் திரும்பும் வரை படகில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

சான்றிதழ் இருப்பவர்களின் தவறு வேறு மாதிரி. நான் பழகியது புதுச்சேரிக் கடலில். அங்கே பல நாள் ஐந்து மீட்டர் தள்ளி இருப்பவர் தெரிய மாட்டார். ஆழம் கூடினால் இருட்டும், கலங்கலும் கூடும், உடம்பே எச்சரிக்கும். சேபாவில் அந்த எச்சரிக்கை கிடையாது. முதல்முறை தேர்ட் என்கவுண்டரிலிருந்து ஊசியை நோக்கி நீந்தியபோது கீழே தரை இல்லை, பக்கத்தில் சுவர் இல்லை, சுற்றிலும் ஒரே நீலம். வெளிச்சம் பட்டப்பகல் மாதிரி இருந்தது. இருபது மீட்டரில் இருக்கிறோம் என்று சத்தியம் செய்திருப்பேன். கம்ப்யூட்டர் 34 காட்டியது. மனம் லேசாக மிதந்துகொண்டிருந்தது, அது ஆழத்தில் நைட்ரஜன் தரும் போதை போன்ற மயக்கம் என்று மேலே வந்தபிறகுதான் உறைத்தது. ஊசியின் விளிம்பில் ஒரு ரீஃப் சுறா என்னைப் பார்க்காமலே கடந்து போனது. நானோ சுறாவைப் பார்த்துக்கொண்டு காற்று இருப்பைக் காட்டும் கேஜைப் பார்க்க மறந்திருந்தேன்.

காற்றுக் கணக்கைக் கரையிலேயே போட்டுவிடுவது நல்லது. இந்தப் பக்கம் கிடைக்கும் வழக்கமான அலுமினிய சிலிண்டரில் நிரம்பியிருப்பது சுமார் 2,200 லிட்டர். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறவர் 30 மீட்டரில் 80 லிட்டர் இழுப்பார், ஏனென்றால் அங்கே அழுத்தம் நான்கு மடங்கு. இறங்க, ஏற, மேலே வரும் வழியில் சற்று நிற்கும் பாதுகாப்பு நிறுத்தத்துக்கு, கையிருப்பாக 50 பார் (சிலிண்டர் அழுத்த அளவு) என்று எடுத்து வைத்தால் அடியில் மிஞ்சுவது பதினைந்து நிமிடம். நீரோட்டத்தை எதிர்த்து உதைத்து மூச்சு வாங்கினால் அது ஒன்பது, பத்து நிமிடமாகச் சுருங்கும். படகிலிருந்து இதைச் சொல்லும் டைவ் மாஸ்டரை யாரும் காதில் வாங்குவதில்லை, எல்லோரும் கேமராவைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆக்சிஜன் கூட்டிய காற்றுக் கலவையான நைட்ராக்ஸைப் பயன்படுத்தப் படித்துவிட்டு வாருங்கள் என்பது என் கருத்து. 32 சதவீத ஆக்சிஜன் கலவையில் 30 மீட்டரில் டிகம்ப்ரஷன் (ஏறும்போது கட்டாயமாக நின்று நின்று வருவது) இல்லாமல் இருக்கக்கூடிய நேரம் சுமார் இருபதிலிருந்து முப்பது நிமிடமாகிறது. ஆனால் அதே கலவைக்கு 34 மீட்டருக்கு அருகே ஓர் ஆழ எல்லை உண்டு, அதற்குக் கீழே ஆக்சிஜனே விஷம். அடி தெரியாத நீலத்தில் அந்தக் கோட்டைத் தாண்டுவது எவ்வளவு சுலபம் என்பதை மேலே சொல்லிவிட்டேன். இன்னொன்று, நைட்ராக்ஸ் காற்றை மிச்சப்படுத்தாது. பதினைந்து நிமிடக் காற்று பதினைந்து நிமிடம்தான்.

சேபாவுக்கே உரிய தவறு டைவ் முடிந்தபிறகு நடக்கிறது. காலையில் இரண்டு டைவ், மதியம் சாப்பாடு, மாலையில் மவுண்ட் சீனரி ஏறலாமா என்று கேட்பவர்களை எந்த வாரமும் பார்க்கலாம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், உச்சி 870 மீட்டருக்குக் குறையாத உயரம். நெதர்லாந்து அரசின் கீழுள்ள நிலத்திலேயே அதுதான் மிக உயரம். டைவ் அடித்தபின் விமானம் ஏறக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த விதி உயரத்துக்கானது, விமானத்துக்கு மட்டுமல்ல. டைவர்களின் பாதுகாப்புக்கான டேன் (DAN) அமைப்பின் பரிந்துரை 600 மீட்டர் உயரத்திலிருந்தே பொருந்தும். ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம். உடம்பில் நைட்ரஜன் கரைந்து நிற்கும்போது உயரம் ஏறினால் அழுத்தம் குறைந்து அது குமிழாகும். மூச்சு வாங்க மலையேறுவது அதற்கு இன்னொரு தள்ளு. முதல் நாளே மலை ஏறிவிடுங்கள், அதன்பிறகு கடல். கிளம்பும் முந்தைய நாள் தண்ணீரைத் தொடாமல் ஊரைச் சுற்றுங்கள். முடியாது என்று பொறியாளர்கள் கைவிட்ட சாலையை, அஞ்சல் வழியில் பொறியியல் படித்து ஊர்க்காரர்களோடு சேர்ந்து போட்டவர் ஜோசஃபஸ் லாம்பர்ட் ஹாசல். அதன் வளைவுகளைப் பார்க்கவே அரை நாள் போதாது.

தங்குமிடமும் கவனிக்க வேண்டியது. பலர் தங்கும் விண்ட்வர்ட்சைடு சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. படகை விட்டு ஃபோர்ட் பே துறைமுகத்தில் இறங்கி அரை மணி நேரத்துக்குள் அங்கே போய்விடுவீர்கள். அன்றாடம் எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள், ஒன்றும் ஆவதில்லை. ஆனால் கம்ப்யூட்டர் தருகிற கடைசி நிமிடம் வரை அடியில் இருந்துவிட்டு வருகிறவருக்கு இங்கே பாதுகாப்பு இடைவெளி குறைவு. தீவில் உள்ளது சிறிய மருத்துவமனை. குமிழ் நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை இப்போது எங்கே இயங்குகிறது என்று முன்பதிவு செய்யும்போதே டைவ் கடையிடம் கேளுங்கள். டைவ் காப்பீடு இல்லாமல் வராதீர்கள்.

வேறு கரீபியத் தீவுகளில் முங்கிவிட்டு வருகிறவர்கள் ஈர பி.சி.டி.யையும் (மிதவைச் சட்டையையும்) வெட்சூட்டையும் அப்படியே பையில் சுருட்டிக்கொண்டு வருவதும் தவறு. கல் பவளங்களைச் சில வாரங்களில் உரித்துக் கொல்லும் திசு இழப்பு நோய் 2018-லேயே சின்ட் மார்ட்டனை எட்டிவிட்டது. அது உங்கள் சாமானோடு ஒட்டிக்கொண்டு வராமல் இருக்க நன்றாக அலசிக் காயவைத்துக் கொண்டுவாருங்கள்.

பாறை ஊசிகளுக்காக வந்தேன் என்று ஆழமில்லாத இடங்களை ஏளனமாகப் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். டென்ட் ரீஃப் ஐந்தாறு மீட்டரில் தொடங்குகிறது. அங்கே பாறை இடுக்குகளில் ஒரு மணி நேரம் செலவழிக்கலாம், காற்றும் மிஞ்சும். லேடர் பே பக்கம் பத்துப் பதினைந்து மீட்டரில் மணல் சில இடங்களில் மஞ்சளாக இருக்கும். மேலே கரையில், ஒரு காலத்தில் தீவின் சரக்கெல்லாம் தலைச்சுமையாக ஏறிய எண்ணூறு படிகள். கீழே டைவ் மாஸ்டர் கையைக் காட்டிக் கூப்பிட்டார். தோண்டாமல், உள்ளங்கையை மட்டும் மணலில் பதித்தேன். அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று நேரமான பாத்திரத்தைத் தொட்டதுபோல இருந்தது. எரிமலை இன்னும் உள்ளே கனன்றுகொண்டிருக்கிறது.