கேர்னல் பேட்ச் திரும்பி வராமலிருக்க

கிளிநொச்சி அறிவியல் நகர் பொறியியல் பீடத்திலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ சி மொழி படித்தவருக்கு லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கேர்னலில் சின்னத் திருத்தம் செய்து, அதைப் பேட்சாக (மாற்றத்தை மட்டும் காட்டும் கோப்பாக) அனுப்புவது பெரிய வித்தையல்ல. மாட்டிக்கொள்வது உள்தள்ளலில், அதாவது வரித் தொடக்கத்தில் விடும் இடத்தில்.

கேர்னலில் உள்தள்ள டாப் விசை, அகலம் 8. விஎஸ் கோட் புதுக் கோப்பில் தானாக 4 ஸ்பேஸ் போடும்; முதலில் அதை மாற்றுங்கள். வரி வலப்பக்கம் ஓடுகிறதே என்று குறைப்படாதீர்கள். மூன்று படிக்கு மேல் உள்ளே போனால் ஃபங்ஷனைப் பிரிக்கச் சொல்கிறது, அவ்வளவுதான். வரி 80 எழுத்துக்குள் நிற்கட்டும். பேட்சின் நடையைச் சோதிக்கும் செக்பேட்ச் நிரல் 2020 முதல் 100ஐத் தாண்டினால்தான் முறைக்கும் என்றாலும் விருப்பம் 80தான். கேர்னல் பதிவேட்டில் எழுதும் பிரிண்ட்கே (printk) செய்தியை மட்டும் நடுவில் உடைக்க வேண்டாம், பிறகு கிரெப் (grep) தேடலில் அகப்படாது.

ஃபங்ஷனுக்குத் திறப்பு அடைப்பு ({) அடுத்த வரியில். இஃப், ஃபார், சுவிட்சுக்கு அதே வரி முடிவில். ஒற்றைக் கூற்றுக்கு அடைப்பில்லை. எல்ஸ் பக்கம் இரண்டு கூற்று வந்தால் இருபக்கமும் போடுங்கள். வகுப்பில் ஆகாதென்ற கோட்டூ (goto) இங்கே முறையானது: பாதியில் பிழை வந்தால், எடுத்த நினைவகத்தையும் பூட்டையும் எதிர்வரிசையில் விட்டு வெளியேற. கோட்டூ தாவிச் செல்லும் லேபிளுக்கு எண் வேண்டாம், செய்யும் வேலையே பெயராகட்டும்.

பிழை திருத்தும் பேட்சுக்குள் பக்கத்து வரிகளின் ஸ்பேஸையும் சேர்த்துச் சீராக்காதீர்கள். பார்ப்பவருக்கு எது திருத்தம், எது அழகுபடுத்தல் என்று தெரியாது. அழகுபடுத்தல் தனிப் பேட்ச். பழகுவதற்கு, இன்னும் சீராக்க வேண்டிய நிலையில் கேர்னலில் வைத்திருக்கும் ஸ்டேஜிங் டிரைவர்கள் போதும்.

எல்லாம் சரியாக எழுதியும் கெடுவது அனுப்பும்போது. ஜிமெயிலை உலாவியில் திறந்து ஒட்டினால் டாப் எல்லாம் ஸ்பேஸாகிவிடும், நீண்ட வரியும் மடியும். மறுமுனையில் பேட்ச் பொருந்தாது. நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் (git) கருவியின் செண்ட்-ஈமெயில் கட்டளையால் முதலில் உங்களுக்கே அனுப்பி, வந்ததைச் சேமித்து, கிட் ஏஎம் மூலம் வேறு கிளையில் ஏற்றிப் பாருங்கள். ஏறினால், அந்தப் பகுதியின் பொறுப்பாளர்களைத் தேடித் தரும் கெட்-மெயின்டெய்னர் நிரல் காட்டும் முகவரிகளுக்கு அனுப்பலாம்.

நம் பெயர்களில் இன்னொரு சிக்கல்: கிட்டில் முதலெழுத்து மட்டும், மின்னஞ்சலில் தகப்பன் பெயர் முழுதாக என்றிருந்தால், அனுப்புநர் பெயரும் செய்தியின் முடிவில் கையொப்பமாக இடும் சைன்ட்-ஆஃப் வரியும் பொருந்தவில்லை என்று செக்பேட்ச் சொல்லும். ஒரே வடிவத்தில் வையுங்கள்.

மொபைல் டேட்டாவை மிச்சம்பிடிக்க ஆழம் 1இல், அதாவது பழைய வரலாறு இல்லாமல், கேர்னல் நிரலைக் குளோன் (நகல்) செய்யலாம். ஆனால் பிழை நுழைந்த கமிட்டின் (கிட்டில் பதிவான மாற்றத்தின்) 12 எழுத்து அடையாளத்தை, எதைத் திருத்துகிறோம் என்று சொல்லும் ஃபிக்சஸ் வரியில் தர முழு வரலாறும் வேண்டும்.

பதில் வராவிட்டால் ஒரு வாரமாவது பொறுத்து நினைவூட்டுங்கள். பேட்சைத் திருத்தி மறுபடி அனுப்பும்போது, இரண்டாம் பதிப்பில் மாறியதை மூன்று சிறுகோட்டுக்கு (---) கீழே எழுதுங்கள். மேலே எழுதினால் அது கமிட் செய்தியோடு போய்விடும்.