சத்தமின்றித் தரவைக் கெடுக்கும் பிழைகள்: அன்றாட மென்பொருள் வேலையில் தவிர்க்க வேண்டியவை

மென்பொருள் எழுதுபவர் விடும் பிழைகளில் ஒரு வகை, நிரலை அந்த இடத்திலேயே நிறுத்தி, காரணத்தையும் வரி இலக்கத்தையும் காட்டிவிடும். அது எவ்வளவு எரிச்சலூட்டினாலும் பெரும்பாலும் அன்றே தீர்ந்துவிடும். இன்னொரு வகை, எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலக் காட்டிக்கொண்டே தரவை உள்ளுக்குள் கெடுத்துக்கொண்டிருக்கும். மாதங்கள் கழிந்து யாரோ ஒருவர் தம் பெயரைத் தேடும்போதுதான் அது வெளியே தெரியவரும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கமக்கார அமைப்புகளுக்கும் தனியார் கல்வி நிலையங்களுக்கும் சிறிய மென்பொருள்களைச் செய்து கொடுக்கும் இளையோர் இன்று பலர் இருக்கிறார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், தொழில்நுட்ப பீடங்களும், வவுனியாவில் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகமும் இயங்குவதால் இத்தொகை இன்னும் கூடும். இவர்கள் முதலில் அஞ்ச வேண்டியது இரண்டாவது வகைப் பிழைக்கே. இடம்பெயர்வின்போது பத்திரங்களை இழந்து, அலைந்து திரிந்து அவற்றை மீண்டும் எடுத்த குடும்பங்களின் விவரங்களே இந்த மென்பொருள்களுக்குள் போகின்றன.

தமிழ் எழுத்திலிருந்து தொடங்குவது பொருத்தம், ஏனெனில் அதிகமான சேதம் அங்கேதான் நடக்கிறது. ‘கிளிநொச்சி’ என்ற சொல்லில் நாம் எண்ணும் எழுத்துகள் 5. எழுத்துக்கும் குறிக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோட் முறையில் அது 10 குறியீடுகளாகவும், அவற்றைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 வடிவில் 30 பைட்டுகளாகவும் அமைகிறது. ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் அச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் 10 என்றும், பிஎச்பி என்ற நிரல்மொழியின் சாதாரண நீளச் சார்பைக் கேட்டால் 30 என்றும் விடை வரும். அட்டையில் இடம் போதாதென்று முதல் ஐந்தை வெட்டி எடுக்கும்படி ஜாவாஸ்கிரிப்டில் எழுதினால் ‘கிளிந’ என்று அச்சாகும். பிஎச்பியில் வெட்டினால் ‘க’ வுக்கு அடுத்த குறி பாதியில் அறுந்து, திரையில் புரியாத ஒரு சின்னம் தோன்றும். எழுத்துகளை எண்ணவும் வெட்டவும் வேண்டுமானால் மெய்யும் அதன் குறியும் சேர்ந்ததை ஒரே எழுத்தாகக் கொள்ளும், எழுத்துக் கொத்துகளை அறியும் சார்புகளையே பயன்படுத்த வேண்டும். ஜாவாஸ்கிரிப்டின் ‘செக்மென்டர்’ அதற்கென்றே உள்ளது.

இதைவிட மோசமானது கண்ணுக்கே தெரியாத வேறுபாடு. அதே சொல்லில் உள்ள ‘நொ’ வை யூனிகோட்டில் இரண்டு வழிகளில் எழுதலாம்: ‘ந’ வுடன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம், அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்க்கலாம். இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் முதலாவது 10 குறியீடு, மற்றையது 11. கணினி அவற்றை இரு வேறு சொற்களாகவே கொள்ளும். யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய பழைய பட்டியல்களை மாற்றிகள் மூலம் யூனிகோட்டுக்குக் கொண்டுவரும்போது, மாற்றி கவனமாக எழுதப்படாவிட்டால் பிரிந்த வடிவம் வந்து சேர்கிறது; புதிய பதிவுகளோ விசைப்பலகையிலிருந்து சேர்ந்த வடிவத்தில் வருகின்றன. அதன்பிறகு கிளிநொச்சி, கொக்கிளாய், கோணாவில் என்று எந்த ஊரைத் தேடினாலும் ஒரு பகுதிப் பெயர்கள் மட்டுமே கிடைக்கும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. பட்டியல் குறைவாக வந்ததை அறியாமலே ஓர் அலுவலர் அதை அச்சிட்டுக் கையெழுத்தும் வைத்துவிடுவார்.

இதற்குத் தீர்வு எளியது. தரவு உள்ளே வரும் வாசலிலும் தேடும் சொல்லிலும் பிரிந்த வடிவத்தைச் சேர்ந்த வடிவமாக்கும் என்எஃப்சி எனப்படும் சீராக்கத்தைச் செய்துவிட வேண்டும்; பைத்தனிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் இது ஒரே வரி. ஆனால் அது தீர்க்காத சிக்கல் ஒன்றும் உண்டு. ‘கௌரி’ என்ற பெயரைப் பலர் ஒற்றைக் கொம்பும் ‘ள’ கர எழுத்துமாகத் தட்டி ‘கெளரி’ என்று பதிகிறார்கள். பார்வைக்கு வேறுபாடு மிகச் சிறிது. யூனிகோட்டுக்கோ இவை தொடர்பில்லாத இரு சொற்கள், ஆகவே சீராக்கம் அவற்றை ஒன்றாக்காது. அதற்காகக் கொம்பையும் ‘ள’ வையும் கண்ட இடமெல்லாம் ஔகாரக் குறியாக மாற்றும் நிரலை எழுதினால் ‘வெளி’, ‘வெள்ளம்’ போன்ற நல்ல சொற்கள் கெட்டுப்போகும். ஐயத்துக்குரிய பெயர்களைப் பட்டியலிட்டு, ஒரு மனிதர் பார்த்துத் திருத்தும்படி விடுவதே முறை. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் யூடிஎஃப்8எம்பி4 என்ற எழுத்துத்தொகுதியை அட்டவணைக்கு மட்டுமன்றி இணைப்புக்கும் அமைக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமிழ் ஒருமுறை கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்பட்டுவிட்டால் அதை எந்த நிரலாலும் மீட்க முடியாது.

அடுத்தது, இலக்கங்களால் ஆன எல்லாவற்றையும் எண் என்று கொள்ளும் பழக்கம். தேசிய அடையாள அட்டை இலக்கம் பழைய முறையில் 9 இலக்கங்களும் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்டது. 2016 முதல் வழங்கப்படும் அட்டைகளில் 12 இலக்கங்கள் உள்ளன. இதை எக்செல்லில் சாதாரணக் கட்டத்தில் தட்டினால் 12 இலக்கம் அறிவியல் குறியீட்டு வடிவத்துக்குச் சுருங்கிவிடும். அப்படியே சிஎஸ்வி என்ற வெற்று உரைக் கோப்பாகச் சேமித்தால் திரையில் தெரியும் அந்தச் சுருங்கிய வடிவமே எழுதப்படும். முதல் ஆறு இலக்கங்களளவு எஞ்ச, மிச்சம் தொலைந்துபோகும். அந்த இலக்கத்தில் முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டுபவை. ஆகவே எஞ்சுவதைக் கொண்டு ஆளை அடையாளம் காணவே இயலாது. தொலைபேசி இலக்கத்தின் முன்னால் உள்ள 0 தொலைவதும் இதே காரணத்தால்தான். கூட்டவோ கழிக்கவோ போவதில்லை என்றால், அது எழுத்துச் சரமாகவே சேமிக்கப்பட வேண்டும்.

பணமும் நெல்லின் எடையும் கூட்டிக் கழிக்க வேண்டியவை. அவற்றில் தவறு வேறு இடத்தில் வருகிறது. தசமங்களைத் தோராயமாகவே வைத்திருக்கும் மிதவைப் புள்ளி எண்ணில் 0.1 ஐயும் 0.2 ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். ஆயிரக்கணக்கான மூடைகளின் எடையையும் விலையையும் இப்படிக் கூட்டி, வெவ்வேறு இடங்களில் முழுமையாக்கினால், கமக்காரர் கையில் உள்ள சிட்டையும் சங்கத்தின் ஏடும் சில சதங்களால் பொருந்தாமல் போகும். தரவுத்தளத்தில் தசம வகையைப் பயன்படுத்துங்கள், அல்லது சதங்களை முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இலங்கையின் நேரம் உலகப் பொது நேரத்திலிருந்து 5.30 மணி முன்னே உள்ளது என்பதை நிரலில் மாறிலியாக எழுதிவிடுபவர்கள் பலர். 1996 மே மாதத்தில் அது 6.30 ஆக மாற்றப்பட்டு, அவ்வாண்டு ஒக்டோபரில் 6 மணியாகி, 2006 ஏப்ரலில்தான் மீண்டும் 5.30 க்கு வந்தது. ஏசியா/கொழும்பு என்ற நேரவலயப் பெயரைப் பயன்படுத்தினால் இந்த மாற்றங்களை நிரல்மொழியின் நேர நூலகமே கவனித்துக்கொள்ளும். ஆனால் வன்னியில் அதுவும் முழுமையாகப் பொருந்தாது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் அந்த மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்தையே கைக்கொண்டிருந்தன. ஆகவே 2003 இல் புதுக்குடியிருப்பில் பிறந்த ஒரு பிள்ளையின் பிறந்த நேரத்தைக் கொழும்பு வலயத்தின்படி மாற்றினால் அரை மணி நேரம் பிழைத்துவிடும். சாதகம் கணிக்கும் மென்பொருள் செய்பவர் இதை அறியாமல் இருக்கக் கூடாது. பழைய பதிவுகளில் எழுதப்பட்ட நேரத்தை எழுதப்பட்டபடியே வைத்து, இடத்தைத் தனியே குறித்துக்கொள்வது நல்லது. பிறந்த திகதியை நேரத்துடன் கூடிய வகையில் ஒருபோதும் சேமிக்காதீர்கள்: நள்ளிரவு 12 மணி என்று பதிந்தது பொது நேரத்துக்கு மாறும்போது முதல்நாள் மாலை 6.30 ஆகி, பிள்ளையின் வயதில் ஒரு நாள் கூடிவிடும்.

இனி, வேலை செய்யும் முறைக்கு வருவோம். ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘உண்மையான இறுதி’ என்று கோப்புறைகளைப் பிரதியெடுத்து வைக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 இல் உருவாக்கிய, நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் என்ற கருவி, இணையம் இல்லாதபோதும் முழுமையாக இயங்கும். மாற்றங்களைப் பதிவதற்கும் பழையதைப் பார்ப்பதற்கும் சேர்வர் தேவையில்லை. கிட்ஹப் என்ற இணையதளத்துக்கு அனுப்பினால்தான் கிட் என்று எண்ணி, சிக்னல் கிடைக்கும்வரை நாள் முழுவதும் ஒரு கொமிட்டும் (மாற்றப் பதிவும்) செய்யாமல் இருப்பது வீணான ஆபத்து. ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் பென்ட்ரைவில் கொண்டுபோக வேண்டுமென்றால், ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் அடங்கிய கோப்புறையை அப்படியே இழுத்துப் போடாமல் ‘கிட் பண்டில்’ கட்டளையால் முழு வரலாற்றையும் ஒரே கோப்பாக்கி எடுத்துச் செல்லுங்கள். கொமிட்டுகளைச் சிறிதாக வைத்தால் இன்னொரு பயனும் உண்டு: 1000 கொமிட்டுகளுக்குள் எங்கோ நுழைந்த பிழையை ‘கிட் பைசெக்ட்’ ஏறக்குறைய 10 சோதனைகளில் காட்டிவிடும். ஒரு வாரத்து வேலையை ஒரே கொமிட்டாகப் போட்டிருந்தால் அது காட்டும் இடம் உதவாது.

கடவுச்சொல்லைக் கிட்டில் ஏற்றிவிட்டு, அடுத்த கொமிட்டில் அழித்துவிட்டால் போதுமென்று நினைப்பது பரவலான தவறு. அது வரலாற்றில் அப்படியே கிடக்கும். நிரலும் வரலாறும் உள்ள கிட் களஞ்சியம் பொதுவில் இருந்ததாயின் அந்தக் கடவுச்சொல் களவுபோனதாகவே கருதி, உடனே மாற்றிவிட வேண்டும். வரலாற்றைத் துப்புரவு செய்வது அதற்குப் பிறகுதான்.

பிழையைப் பிடிக்கும் ‘கட்ச்’ பகுதியை வெறுமையாக விடுவதை நான் எல்லாவற்றிலும் கடுமையாக எதிர்க்கிறேன். வாடிக்கையாளர் முன் சிவப்பு எழுத்து வரக் கூடாதென்பதற்காகச் செய்யப்படும் இந்த வேலை, உரத்துச் சொல்லும் பிழையையும் ஊமையாக்கிவிடுகிறது. மின்வெட்டினால் பாதியில் நின்ற பதிவும், இணைப்பு அறுந்ததால் சேமிக்கப்படாத பற்றுச்சீட்டும் ‘வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது’ என்ற செய்தியுடன் மறைந்துபோகும். பிழையை நேரத்துடனும் பயனர் செய்த செயலுடனும் பதிவுக் கோப்பில் எழுதுங்கள். பயனருக்குச் சேமிக்கப்படவில்லை என்று நேராகச் சொல்லுங்கள். ஒன்றோடொன்று சேர்ந்து நடக்க வேண்டிய மாற்றங்களைத் எல்லாமும் நடக்கும் அல்லது எதுவும் நடக்காது என்று உறுதிசெய்யும் தரவுத்தளப் பரிவர்த்தனைக்குள் வைத்தால், மின்சாரம் போனாலும் அரைகுறைப் பதிவு எஞ்சாது.

காப்புப் பிரதியைப் பொறுத்தவரை, அதே கணினியின் இன்னொரு வட்டில் வைப்பதைப் பலர் போதுமென்று விட்டுவிடுகிறார்கள். ஒரு பிரதி வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறையாவது அதை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, ஒவ்வோர் அட்டவணையிலும் பதிவுகளின் எண்ணிக்கையை மூலத்துடன் ஒப்பிட்டு, தமிழ்ப் பெயர் உள்ள சில பதிவுகளைத் திறந்து கண்ணால் பார்த்துவிட்டு, அதைச் செய்த திகதியைப் பயனர் அமைப்பின் ஏட்டில் குறித்து வையுங்கள்.