ஃபலாஃபல்: பேசும்போதும் பொரிக்கும்போதும் செய்யும் தவறுகள்

ஃபலாஃபல் என்பது ஊறவைத்த பயறையோ கொண்டைக்கடலையையோ அரைத்து எண்ணெயில் பொரிக்கும், நம் வடை போன்ற அரபு நாட்டுப் பண்டம். இதைப் பண்டைய எகிப்தின் பாரோ மன்னர்கள் சாப்பிட்டார்கள் என்று இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நம்ப வேண்டாம். எகிப்தில் அந்தக் காலத்திலேயே ஃபாவா பீன்ஸ் என்ற பயறு விளைந்தது உண்மை. அதை அரைத்து எண்ணெயில் பொரித்தார்கள் என்பதற்குத்தான் சான்று இல்லை. இடைக்கால அரபுச் சமையல் நூல்கள் பல இன்று கிடைக்கின்றன. அவற்றிலும் இதைக் காணோம். 1882இல் பிரிட்டிஷார் எகிப்தைப் பிடித்த பிறகுதான் எழுத்தில் தலைகாட்டுகிறது. எகிப்தின் பழைய கிறிஸ்தவப் பிரிவினரான கோப்டிக் கிறிஸ்தவர்கள் நோன்பு நாள்களுக்காகக் கண்டுபிடித்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு. புலால் விலக்கும் நோன்புக்குத் தோதான பண்டம்தான், ஆனால் தோதாக இருப்பதெல்லாம் ஆதாரமாகிவிடுமா? எகிப்தில் பிறந்திருக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கொண்டைக்கடலையில் செய்தால்தான் ஃபலாஃபல் என்று நினைப்பது அடுத்த தவறு. எகிப்தியர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். கெய்ரோவில் இதற்குத் தஅமியா என்று பெயர். தோல் நீக்கி உடைத்த ஃபாவாவை (நம் மொச்சை அல்ல, வேறு பயறு) ஊறவைத்து, லீக் (வெங்காயத்தாள் போன்றது), பார்ஸ்லி, கொத்தமல்லி, சதகுப்பைக் கீரை எல்லாம் அள்ளிப் போட்டு அரைப்பார்கள். தட்டையாகத் தட்டி, மேலே எள் தூவிப் பொரிப்பார்கள். பிட்டால் உள்ளே பளிச்சென்று பச்சை. அங்கே இது காலைச் சாப்பாடு. 2001இல் மெக்டொனால்ட்ஸ்கூட எகிப்துக்கென்று மெக்ஃபலாஃபல் கொண்டுவந்தது.

பாலஸ்தீனம், சிரியா, ஜோர்டானில் கொண்டைக்கடலைதான். லெபனானில் பலர் இரண்டையும் கலப்பார்கள். பாலஸ்தீனத்தில் நடுவே வெங்காயமும் புளிப்பான சுமாக் பொடியும் வைத்துப் பொரிக்கும் வகையும் உண்டு. எனக்குப் பிடித்தது ஈராக்கின் பழக்கம்: படகு வடிவச் சமூன் ரொட்டிக்குள் ஃபலாஃபலை அடுக்கி மேலே அம்பா, அதாவது மாங்காய் ஊறுகாய், ஊற்றுவார்கள். அந்த ஊறுகாய் இந்தியாவிலிருந்து போனதுதான்.

இஸ்ரேலில் யூதர்களுக்கு ஃபாவா ஒத்துக்கொள்ளாததால் கொண்டைக்கடலைக்கு மாறினார்கள் என்ற விளக்கமும் சுற்றுகிறது. ஜி6பிடி என்ற நொதி உடலில் குறைவாக உள்ளவர்களுக்கு ஃபாவா சாப்பிட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும் என்பது நிஜம். அப்படிப்பட்டவர்கள் தஅமியா பக்கமே போகக் கூடாது. ஆனால் சுற்றியிருந்த அரபு மக்களும் கொண்டைக்கடலையில்தானே செய்தார்கள்? இஸ்ரேலில் 1950களில் இதைப் பீட்டா ரொட்டிக்குள் வைத்து விற்றுப் பரப்பியதில் ஏமனிலிருந்து வந்த யூதர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்காக, பண்டமே அங்கே பிறந்தது என்று சொல்லிவிட முடியாது.

சரி, அடுப்படிக்கு வருவோம். இங்கே எல்லாரும் செய்கிற தவறு, கொண்டைக்கடலையை வேகவைப்பது அல்லது டப்பாவில் வரும் வெந்த கடலையை வாங்குவது. பருப்பு வடைக்குப் பருப்பை வேகவைப்போமா? அதே கதைதான். ஊறிய பச்சைக் கடலையின் மாவுச்சத்து எண்ணெய்ச் சூட்டில் வெந்து இறுகும்போதுதான் உருண்டை சேர்ந்து நிற்கிறது. முன்பே வெந்துவிட்டால் பிடிமானம் போய், எண்ணெயில் போட்டதும் கரைந்துவிடும். இரவு முழுக்க, குறைந்தது 12 மணி நேரம் ஊறட்டும். அப்புறம் தண்ணீரை நன்றாக வடித்து, கீரைகளையும் ஈரம் போகத் துடைத்துவிட்டு அரைக்க வேண்டும். மிக்ஸியில் விழுதாக்கிவிடாதீர்கள், ரவைப் பதம் போதும். அரைக்கும்போது தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வேண்டாம்.

அரைத்ததை ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் பிடிக்க எளிது. எண்ணெய் 175 முதல் 180 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். சூடு குறைந்தால் எண்ணெய் குடிக்கும், கூடினால் மேலே கருகி உள்ளே வேகாது. சமையல் சோடா சேர்ப்பதாக இருந்தால் பொரிப்பதற்குச் சற்று முன்னால் சேருங்கள். முன்கூட்டியே கலந்து வைத்தால் அதன் வேகம் போய்விடும்.